மரக்கட்டையில் ஒரு துறைமுகம்

மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில், துருக்கி நாட்டுக் கரையை ஒட்டினாற்போல் ரோட்ஸ் என்னும் தீவு இருக்கிறது. இன்று அது கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. தீவின் வடகோடியில் அதே பெயர் கொண்ட துறைமுக நகரம் உள்ளது. அத்துறைமுகத்தின் வாயிலில் உயரமான சதுரக் கோபுரம் ஒன்று சுமார் 450 ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தது. உச்சியின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு கோபுரங்களைத் தாங்கிய அதனை, கட்டுவித்தவரின் பெயரால் நையாக் கோபுரம் என்று அழைத்தனர். எதிர்க்கரைக் கோபுரத்துக்கும் இதற்கும் இடையே கனத்த சங்கிலி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் பகைவர் கப்பல் எதுவும் உள்ளே நுழைய இயலாது. 1863ஆம் ஆண்டு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நையாக் கோபுரம் இடிந்து கடலோரத்தில் சரிந்தது. இன்று ரோட்ஸ் நகருக்குச் செல்பவர் அதைக் காண முடியாது.

ஆனால் கி.பி. 1486இல் ஜெர்மனியில் அச்சான ஒரு நூலைத் திறந்தால் அக்கோபுரம் நான்கு மூலைச் சிகரங்களோடும் நிற்கிறது! அதற்கு எதிரே அலைதடுப்புச் சுவரின்மீது காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. கோட்டை மதில்கள், வீட்டுக் கூரைகள், கோயில்கள், முன்புறத்தில் கடலும் கப்பல்களும் தெரிகின்றன. கடலிலிருந்து வரும் பயணி ஒருவன் முதலில் என்ன காண்பானோ அதுவே படமாக விரிகிறது. நூலின் பக்கத்திற்குள் அடங்காத நீளம் ஆதலால், தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி மடித்து வைத்திருக்கிறார்கள். வாசகன் மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க நகரம் அவன் முன் நீண்டுகொண்டே போகும்.

ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட இப்படத்தை நாம் எவ்வளவு நம்பலாம்? வரலாற்று ஆசிரியர்கள், கட்டடக் கலைஞர்கள், நிலநடுக்க ஆராய்ச்சியாளர்கள் ஆகிய அனைவருக்கும் இது முக்கியமான கேள்வி. விழுந்துபோன ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வருபவர் நம்பத்தக்கவர்தாமா என்று தெரிந்துகொண்டுதானே அவருடைய சாட்சியத்தை ஏற்க முடியும்?

ஓவியனுடன் ஒரு யாத்திரை

நூலை எழுதியவர் பெர்ன்ஹார்ட் வான் பிரெய்டன்பாக். ஜெர்மனியில் மைன்ஸ் நகரப் பேராலயத்தில் உயர் பதவி வகித்த குரு. இவர் 1483ஆம் ஆண்டு ஏப்ரலில், சோல்ம்ஸ் நாட்டு இளம் பிரபு யோஹான் முதலியோருடன் ஜெருசலேமுக்குப் புனித யாத்திரை புறப்பட்டார். அக்காலத்தில் யாத்திரை செல்வோர் பலர். திரும்பி வந்து நூல் எழுதியோரும் உண்டு. பிரெய்டன்பாக் செய்த புதுமை ஒன்றுதான்: செல்லும்போதே தம்முடன் ஓர் ஓவியரையும் அழைத்துச் சென்றார். வழியில் காணும் நகரங்களை நேரில் பார்த்து வரைவதே அவருடைய வேலை.

அந்த ஓவியரின் பெயர் எர்ஹார்ட் ராய்விக். இன்றைய நெதர்லாந்து நாட்டில் உள்ள உட்ரெக்ட் நகரைச் சேர்ந்தவர். யாத்திரிகர்கள் வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்துவிட்டு, ஜூன் மாதத் தொடக்கத்தில் பயணமானார்கள். பரென்சோ, கோர்ஃபு, மோடோன், கிரீட் தீவின் கண்டியா, ரோட்ஸ் என்று துறைமுகத்திற்குத் துறைமுகம் தங்கி, பாலஸ்தீனக் கரையை அடைந்தனர். தங்கிய இடங்களில் எல்லாம் ராய்விக் வரைந்தார். கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது சில நாட்களே. தண்ணீர், உணவுப் பொருள்கள் ஏற்றும் இடைவெளியில் ஒரு நகரத்தையே தாளில் அடக்க வேண்டும் என்றால் அந்த மனிதர் எவ்வளவு விரைவாகப் பென்சிலின்றி வேலை செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். (இன்று நாம் பயன்படுத்தும் காரீயப் பென்சில் அன்று கிடையாது.)

ஜெருசலேம், சினாய் மலை, கெய்ரோ ஆகிய இடங்களைக் கண்டபின் குழு அலெக்சாந்திரியா வந்தது. அங்கே இளம் பிரபு யோஹான் நோயுற்று இறந்தார். எஞ்சியோர் 1484 ஜனவரியில் வெனிஸ் திரும்பினர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1486 பிப்ரவரியில், நூல் இலத்தீன் மொழியில் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஜெர்மன் மொழியிலும் வந்தது. படம் வரைந்த ராய்விக்கே அச்சிட்டவர் என்று நூல் கூறுகிறது. எழுத்துகள் மட்டும் பீட்டர் ஷோஃபர் என்பவருடையவை. இந்த ஷோஃபர் அச்சுக்கலையின் தந்தையாகிய கூட்டன்பர்க்கிடம் பணியாற்றியவர். கூட்டன்பர்க் வாழ்ந்ததும் அதே மைன்ஸ் நகர்தான்.

நூலிலுள்ள நகரக் காட்சிகளில் மிக நீளமானது வெனிஸ். மடிப்புகளை விரித்தால் ஏறக்குறைய 1.6 மீட்டர் வரும். ஒரு சிறுவனின் உயரத்துக்குப் படம் நீளும் புத்தகம் அதற்கு முன் ஐரோப்பாவில் அச்சானதில்லை.

எழுதாத இடத்தைச் செதுக்குவது

மரச்செதுக்குப் படம் எப்படி அமைகிறது என்பதை அறிந்தால்தான் அதன் நிறைகுறைகள் விளங்கும். பள்ளியில் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, முகப்பில் எழுத்தைச் செதுக்கி, மையில் தோய்த்துத் தாளில் ஒற்றியிருப்பீர்கள். முதல் முறை 'க' என்று செதுக்கியவர்களுக்கு அது வலம் இடமாக மாறித்தான் விழுந்திருக்கும். மரச்செதுக்கும் அதுவே, உருளைக்கிழங்குக்குப் பதில் பேரிக்காய் மரம் போன்ற நெருங்கிய இழை உடைய பலகை.

மரத்தை நெடுக்குவாட்டில் அறுத்து, முகத்தை இழைத்து மழமழப்பாக்குவர். அதன்மீது ஓவியர் மையால் படத்தை இடவல மாற்றமாக வரைவார், அல்லது வரைந்த தாளைக் கவிழ்த்து ஒட்டுவார். பின்னர் செதுக்குபவர் கூரிய கத்தியால் ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் கீறி, கோடு இல்லாத இடங்களையெல்லாம் தோண்டி எடுத்துவிடுவார். எஞ்சி மேடாக நிற்பவை கோடுகள் மட்டுமே. அதாவது ஓவியர் எதை வரைந்தாரோ அதைச் செதுக்குபவர் தொடுவதில்லை, வரையாததைத்தான் செதுக்குகிறார். கப்பலின் கயிறு ஒன்று படத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தால், அதன் இரு பக்கமும் உள்ள மரம் முழுவதும் அகற்றப்பட்டு, நூலிழை போன்ற சுவர் ஒன்று தனித்து நிற்கிறது என்று பொருள். கத்தி சற்றே பிசகினால் கயிறு அறுந்தது அறுந்ததுதான்.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் மரத்தை நாடினார்கள்? ஈய எழுத்துகளும் மேடானவை. மரக்கட்டையின் கோடுகளும் மேடானவை. இரண்டையும் ஒரே உயரத்தில் அமைத்து ஒரே சட்டத்தில் முடுக்கிவிட்டால், ஒரே மை, ஒரே அழுத்தத்தில் எழுத்தும் படமும் சேர்ந்தே அச்சாகும். செப்புத் தகட்டில் செதுக்கும் படம் இதற்கு நேர்மாறானது. அதில் மை நிற்பது பள்ளத்தில். ஆகவே அதற்குத் தனி அச்சுப்பொறி தேவை. ஈய எழுத்தில் அச்சடித்த காலத்தில் நம் ஊர் அச்சகங்களில் படக்கட்டையை 'பிளாக்' என்று சொல்வார்கள். அந்தப் பெயர் நிலைத்ததற்கு மூல காரணம் இந்த மரக்கட்டைகளே.

ஒரே கட்டை, பல நகரங்கள்

ராய்விக் செய்ததன் அருமை, அவர் காலத்து மற்ற நூல்களுடன் ஒப்பிடும்போதுதான் புலப்படும். 1493இல் நியூரம்பர்க் நகரில் ஹார்ட்மன் ஷேடல் என்ற மருத்துவர் எழுதிய உலக வரலாறு ஒன்று அச்சாயிற்று. அந்நூற்றாண்டின் மிகப் பெரிய படநூல் அது. மொத்தம் 1809 படங்கள். ஆனால் செதுக்கிய கட்டைகளை எண்ணினால் 645தான்! ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டார்கள். மன்னர்களின் முகங்களில் இப்படிச் செய்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நகரங்களிலும் அதையே செய்தார்கள். மைன்ஸ் நகரம் என்று ஒரு பக்கத்தில் வரும் அதே படம், வேறொரு பக்கத்தில் இத்தாலியின் பொலோனா. இன்னொரு பக்கத்தில் பிரான்சின் லியோன். அச்சுக்கலை பிறந்த மைன்ஸ் நகருக்கே அச்சு நூலில் சொந்த முகம் கிடைக்கவில்லை.

இதை மோசடி என்று நாம் கோபிப்பதில் நியாயமில்லை. அக்கால வாசகனுக்கு நகரத்தின் படம் என்பது "இங்கே ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறது" என்பதற்கான அடையாளம், அவ்வளவே. மதில், கோபுரம், வாயில் மூன்றும் இருந்தால் நகரம். அந்தந்த நகரம் எப்படி இருந்தது என்று படத்தைக் கேட்கலாம் என்ற எண்ணமே அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அதே நியூரம்பர்க் நூலில், வெனிஸ், ரோட்ஸ் போன்ற சில நகரங்களின் படங்கள் மட்டும் அடையாளம் கண்டு சொல்லக்கூடியவையாக இருக்கின்றன. காரணம், அவற்றை ராய்விக்கின் படங்களைப் பார்த்து வரைந்தார்கள். ஒருவர் போய்ப் பார்த்து வந்ததன் பயன் போகாதவர்களுக்கும் கிடைத்தது.

படம் சொல்லும் சாட்சியம்

இனி ரோட்ஸ் படத்திற்கு வருவோம். அப்போது அத்தீவை ஆண்டவர்கள் புனித ஜான் சங்கத்தைச் சேர்ந்த வீரத்துறவிகள். ஜெருசலேம் யாத்திரிகர்களுக்கு மருத்துவ விடுதி நடத்தத் தொடங்கிய சங்கம், நாளடைவில் படை வைத்துப் போரிடும் அமைப்பாக மாறி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸைக் கைப்பற்றியது. 1480ஆம் ஆண்டு மே மாதம் உதுமானியத் துருக்கியரின் பெரும் கடற்படை தீவை முற்றுகையிட்டது. பீரங்கிகள் கல்லுருண்டைகளைச் சரமாரியாகப் பொழிந்தன. துறைமுக முனையில் இருந்த புனித நிக்கலஸ் கோபுரம் முதல் இலக்காயிற்று. ஜூலை மாத இறுதி வரை போராடியும் நகரம் விழவில்லை. ஆகஸ்டில் படை திரும்பிச் சென்றது. மறு ஆண்டே, 1481இல், நிலநடுக்கங்கள் தொடர்ச்சியாக நகரைக் குலுக்கின.

ராய்விக் அங்கே இறங்கியது 1483இல். முற்றுகை முடிந்து மூன்றே ஆண்டுகள். பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய படத்தில் முற்றுகையின் தழும்புகள் பதிந்துள்ளன. பெருமைக்குரிய நகரம் ஒன்றைப் புகழ்ந்து வரைபவன் இடிபாட்டைக் காட்டத் தேவையில்லை, புதிதாகவே வரைந்துவிடலாம். ஆகவே இடிந்ததை இடிந்தபடியே காட்டும் இந்த நேர்மை, படத்தின் மற்ற பகுதிகள் மீதும் நமக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. நீதிமன்றத்தில், தமக்கு ஆதாயமில்லாத சிறு விவரத்தையும் மறைக்காமல் சொல்லும் சாட்சிக்கு மதிப்பு அதிகம் அல்லவா?

வரையாமல் விட்டதும் சாட்சியமே. ரோட்ஸ் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது பண்டைய ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய கதிரவன் சிலை. சுமார் 70 முழம், அதாவது ஏறக்குறைய 33 மீட்டர் உயரம் கொண்ட அந்த வெண்கலச் சிலை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டு, சுமார் கி.மு. 226இல் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது. துறைமுக வாயிலின் இரு கரைகளிலும் காலை ஊன்றி, கால்களுக்கிடையே கப்பல்கள் சென்றுவரச் சிலை நிற்பதாகப் பல பாடநூல்களில் படம் பார்த்திருப்பீர்கள். அப்படம் பரவியதற்கு முக்கிய காரணம், மார்ட்டின் வான் ஹேம்ஸ்கர்க் என்ற டச்சு ஓவியர் வரைந்து 1572 அளவில் செப்புத்தகட்டில் அச்சான கற்பனைக் காட்சி. வாயிலின் அகலத்தையும் சிலையின் உயரத்தையும் ஒப்பிட்டால் அப்படி நிற்பது இயலாத காரியம் என்பது எளிய கணக்கு. ராய்விக்கின் காலத்திலும் சிலை அந்த வாயிலில்தான் நின்றது என்ற கதை யாத்திரிகர்களிடையே வழங்கியது. அவர் கதையைக் கேட்டிருப்பார். ஆனால் வாயிலில் தாம் கண்ட கோபுரங்களைத்தான் வரைந்தார். 90 ஆண்டுகள் பின்னால் வந்த படம் பொய் சொல்ல, முன்னால் வந்த படம் உண்மை சொல்கிறது. காலத்தால் பிந்தியது எல்லாம் துல்லியத்தில் முந்தியது என்று நாம் கொள்வதற்கில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. இன்று ரோட்ஸ் நகரின் உச்சியில் கம்பீரமாக நிற்கும் பெருந்தலைவர் மாளிகையை ஒளிப்படம் எடுத்தால், நமக்குக் கிடைப்பது 15ஆம் நூற்றாண்டு மாளிகையன்று. 1856இல் அருகிலிருந்த தேவாலயத்தில் வெடிமருந்து வெடித்தது முதலிய காரணங்களால் பாழாகிக் கிடந்த மாளிகையை, தீவை அப்போது ஆண்ட இத்தாலியர்கள் 1937 முதல் 1940 வரை தம் விருப்பப்படி புதுப்பித்துக் கட்டினர். ஒளிப்படம் பொய் சொல்லாது என்பார்கள். அது படமெடுத்த நாளின் உண்மையைத்தான் சொல்லும்.

ஒற்றைக்கொம்பனும் திரும்பிய கோயிலும்

அப்படியானால் ராய்விக் வரைந்ததையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? அதே நூலில் ஒரு பக்கம் முழுவதும் விலங்குகள். ஒட்டகச்சிவிங்கி, முதலை, ஒட்டகம், வெள்ளாடு ஆகியவற்றுடன், நெற்றியில் நீண்ட ஒற்றைக்கொம்பு கொண்ட குதிரை போன்ற ஒரு விலங்கும் அமைதியாக நிற்கிறது! இவ்விலங்குகளைப் புனித நாட்டில் கண்டபடியே உண்மையாக வரைந்திருப்பதாகப் படத்தின் அடியில் உறுதிமொழி வேறு.

பொய் என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், நடந்ததைக் கேளுங்கள். அதே பயணத்தில் உடன் சென்ற பேலிக்ஸ் பாப்ரி என்ற துறவி தனியே ஒரு பயண நூல் எழுதியிருக்கிறார். சினாய்ப் பாலைவனத்தில் செல்லும்போது மலையுச்சியில் தொலைவில் ஒரு விலங்கு நின்றது என்றும், தாங்கள் ஒட்டகம் என்று எண்ணியதை வழிகாட்டி ஒற்றைக்கொம்பன் என்று கூறினார் என்றும் அதில் காணப்படுகிறது. ஆக, ஏதோ ஒன்றைக் கண்டது உண்மை. கண்ணுக்கு எட்டாத விவரத்தை வழிகாட்டியின் சொல்லும், சிறு வயது முதல் கேட்ட கதைகளும் நிரப்பிவிட்டன. ரோட்ஸ் கோபுரத்தை அவர் அருகில் நின்று நெடுநேரம் பார்த்தார். 'ஒற்றைக்கொம்பனை' தொலைவிலிருந்து சிறிது நேரம் பார்த்தார். இரண்டின் கீழும் "கண்டது" என்ற ஒரே முத்திரை. முத்திரையைப் பார்த்து நம்புவதைவிட, பார்த்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று கேட்பது மேல்.

ஜெருசலேம் காட்சியில் இன்னொரு வகைத் திருத்தம் உள்ளது. நாட்டின் நிலப்படத்தை மேற்கே கடலிலிருந்து பார்ப்பதுபோல் அமைத்துவிட்டு, அதன் நடுவில் நகரத்தை மட்டும் கிழக்கேயுள்ள ஒலிவ மலையிலிருந்து பார்த்தபடி வைத்திருக்கிறார். இயேசுவின் கல்லறை அமைந்த ஆலயத்தின் முகப்பு உண்மையில் தெற்கு நோக்கியது. அதை வாசகனைப் பார்க்கும்படி திருப்பி வரைந்துள்ளார். இது அறியாமையால் வந்த பிழையன்று. யாத்திரிகனுக்கு எது முக்கியமோ அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற நோக்கத்தால் வேண்டுமென்றே செய்தது. நம் ஊர்த் திருத்தல வரைபடங்களிலும் தெருக்களைச் சுருக்கி, கோபுரத்தைப் பெரிதாக்கி வரைவதைக் கண்டிருக்கிறோம். ஆதலால் ரோட்ஸ் படத்தில் ஒரு மதிலின் நீளத்தை அளவுகோல் வைத்து அளக்க முற்படுபவர் ஏமாந்துபோவார். கோபுரத்துக்கு எத்தனை மூலைச் சிகரங்கள், காற்றாலைகள் எந்த அலைதடுப்பின்மேல் நின்றன, வாயிலின் இருபுறமும் எவை இருந்தன என்ற வகைக் கேள்விகளுக்கே அது தக்க விடை தரும்.

ஆயிரம் படிகள், ஒரே படம்

நேரில் பார்த்து வரைவது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் கையால் படியெடுத்த காலத்தில் அதன் பயன் நிலைக்கவில்லை. உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறார். கிரேக்க மருத்துவர் சிலர் மூலிகைகளை வண்ணப் படமாக வரைந்து நூல் செய்தனராம். படியெடுப்பவர் கையில் படத்துக்குப் படம் மாறி, கடைசியில் எந்த மூலிகை என்றே தெரியாமல் போயிற்றாம். சொல்லைப் படியெடுப்பவன் பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துக்கு எழுத்து எழுதிவிடலாம். இலையின் விளிம்பு எத்தனை பல் கொண்டது என்பதை அப்படிக் காப்பாற்ற முடியாது.

மரக்கட்டை இந்தச் சிக்கலை அறுத்தது. முதல் படியிலும் நூறாவது படியிலும் ஒரே கோடுகள். மைன்ஸ் நகரில் ஒருவரும் பாரிசில் ஒருவரும் ஒரே படத்தை முன்வைத்துக்கொண்டு, "இடமிருந்து மூன்றாவது கோபுரம்" என்று கடிதத்தில் பேசிக்கொள்ளலாம். இருவரும் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள் என்ற உறுதி உண்டு. தாவரவியலும் உடற்கூற்றியலும் பின்னர் அடைந்த வளர்ச்சிக்கு இந்த உறுதி இன்றியமையாத அடிப்படை. பிரெய்டன்பாக் நூலுக்கு ஓராண்டு முன், 1485இல், மைன்ஸ் நகரிலேயே ஷோஃபர் அச்சிட்ட ஜெர்மன் மூலிகை நூல் ஒன்றின் முன்னுரையிலும், ஓவியர் ஒருவரை யாத்திரையில் உடன் அழைத்துச் சென்று செடிகளை வரையச் செய்ததாகக் கூறப்படுகிறது. நகரத்தையும் செடியையும் ஒரே முறையில் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது.

நூலுக்கு நல்ல வரவேற்பு. 1488இல் பிரான்சின் லியோன் நகரத்தார் படங்களைப் பார்த்துச் செப்புத்தகட்டில் புதிதாகச் செதுக்கி வெளியிட்டனர். செப்புச் செதுக்குப் படங்களுடன் பிரான்சில் அச்சான முதல் நூல் அதுவே. 1498இல் ஸ்பெயினின் ஸரகோசா நகரில் வந்த பதிப்புக்கோ ராய்விக்கின் மூலக் கட்டைகளே பயன்பட்டன. கனத்த மரப்பலகைகள் மலையும் ஆறும் கடந்து நாடுவிட்டு நாடு சென்றன. அவ்வாறு சென்ற பலகைகளைக் காலமும் சும்மா விடவில்லை. வண்டுகளும் சும்மா விடவில்லை.

வண்டு துளைத்த கோடு

மரப்பலகை உலர உலரச் சுருங்கும். ஈரக் காற்றில் உப்பும். ஆண்டுகள் செல்லச் செல்ல நூலிழைச் சுவர்களாக நிற்கும் கோடுகளில் நுண்ணிய வெடிப்புகள் விழும். மறுபடி அச்சிடும்போது கோட்டின் நடுவே வெள்ளை இடைவெளியாக அவை தோன்றும். அமெரிக்க உயிரியல் அறிஞர் பிளேர் ஹெட்ஜஸ், உயிரினங்களின் மரபணுவில் காலப்போக்கில் சேரும் மாற்றங்களைக் கொண்டு அவற்றின் வயதைக் கணிக்கும் துறையைச் சேர்ந்தவர். அதே சிந்தனையை அச்சுப் படங்களுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 2006இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் தீவுகளின் நூல்தான். பெனடெட்டோ பார்டோனே என்பவர் 1528இல் வெனிசில் வெளியிட்ட அந்நூலில் உலகத் தீவுகளின் மரச்செதுக்கு நிலப்படங்கள் நிறைந்துள்ளன, ரோட்ஸும் உண்டு. அதே கட்டைகளைக் கொண்டு 1534இலும் 1547இலும் மறுபதிப்புகள் வந்தன. ஆண்டு குறிக்கப்படாத பதிப்பு ஒன்றும் உண்டு. அது எப்போது அச்சானது என்பதில் குழப்பம் நிலவியது.

ஹெட்ஜஸ் ஒவ்வொரு பதிப்பிலும் கோடுகளில் உள்ள முறிவுகளை எண்ணினார். ஆண்டு தெரிந்த பதிப்புகளில் முறிவுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே சீராக, கடிகாரம் ஓடுவதுபோல் கூடிக்கொண்டு வந்தது. எத்தனை படிகள் அச்சிட்டார்கள் என்பதைவிட, மரத்துக்கு எத்தனை வயது ஆயிற்று என்பதே முறிவைத் தீர்மானித்தது. அந்த நேர்கோட்டை நீட்டி, ஆண்டு தெரியாப் பதிப்பின் முறிவுகளை அதில் வைத்துப் பார்த்தபோது 1565 என்று விடை கிடைத்தது.

வண்டின் கதை இதைவிடச் சுவையானது. மரத்துளை வண்டு மரத்தின் இடுக்கில் முட்டையிடும். வெளிவரும் புழு ஆண்டுக்கணக்கில் மரத்தைத் தின்று உள்ளேயே வளர்ந்து, இறுதியில் வண்டாக மாறி, வட்டமான துளையிட்டு வெளியேறும். துளை அச்சுக்கட்டையின் கோட்டில் விழுந்தால் அங்கே மை நிற்காது. படத்தில் வெள்ளைப் புள்ளி. 1462 முதல் 1899 வரை அச்சான 473 படங்களில் இத்தகைய 3,263 துளைகளை ஹெட்ஜஸ் அளந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார். வட ஐரோப்பிய நகரங்களில் அச்சானவற்றில் துளையின் சராசரி விட்டம் சுமார் 1.4 மில்லிமீட்டர், தென் ஐரோப்பாவில் அச்சானவற்றில் சுமார் 2.3 மில்லிமீட்டர். காரணம், இரண்டும் வெவ்வேறு வண்டினங்களின் வேலை. இரண்டு இனங்களின் எல்லைகளும் ஐரோப்பாவின் நடுவே நெருங்கி வந்தன. ஆனால் ஒன்றன் எல்லைக்குள் மற்றது புகவில்லை. பிற்காலத்தில் மரச்சாமான்களின் வணிகம் பெருகியபின் அந்த எல்லை கலைந்துபோயிற்று. பூச்சியியலார் எவரும் குறித்து வைக்காத 500 ஆண்டுப் பழைய பரவலை, தாம் அறியாமலே குறித்து வைத்தவர்கள் அச்சகத்தார்.

எனவே பழம் படம் ஒன்றை நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ காண நேரும்போது, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள். கோட்டின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்து, அந்த இடத்தில் தாளும் ஓட்டையாக இருந்தால், புழு அரித்தது புத்தகத்தை. அது எந்த நூற்றாண்டிலும் நடந்திருக்கலாம். தாள் முழுமையாக இருந்து மை மட்டும் இல்லையென்றால், துளை மரக்கட்டையில் இருந்தது. படம் அச்சாவதற்கு முன்பே வண்டு வெளியேறிவிட்டது.